தோல் டாக்டர் அண்ணி

எங்கள் அண்ணிக்கு ஆள் அடையாளம் தெரியாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஏனென்றால் அவள் பிழைப்பே முகம்தான். ஆனால் சத்தியம். எதிர்வீட்டுக்காரர் தெருவில் சிரித்தால் யாரோ என்று முழிப்பாள். அவர் பக்கத்தில் வந்து, மூக்கோரத்து மச்சம் கண்ணில் பட்ட பிறகுதான், "அட, நீங்களா!" என்று வாய் நிறையச் சிரிப்பாள். அவருக்கு அந்த மச்சம் இருப்பது அவர் மனைவிக்குக்கூடத் தெரியுமா என்பது சந்தேகம்.

போட்டோ ஸ்டூடியோவில் டச்சப் செய்வது அண்ணியின் வேலை. படம் எடுத்ததும் அது அவள் கம்ப்யூட்டருக்கு வரும். பரு, தூக்கமில்லாத கண்ணுக்குக் கீழே கருவளையம், எண்ணெய் வழிகிற நெற்றி, உரிந்த உதடு, எல்லாவற்றையும் சரி பண்ணி அனுப்ப வேண்டும். சரி பண்ணினதே தெரியவும் கூடாது. அந்தத் 'தெரியக்கூடாது' என்பதில்தான் வித்தையெல்லாம் இருக்கிறது என்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் வேலையை நான் 'மூஞ்சிக்கு இஸ்திரி போடுறது' என்று கிண்டல் செய்வேன். அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. "இஸ்திரி போட்டா மடிப்பு போயிடும். மடிப்பு போகாம கசங்கல் மட்டும் போகணும், அது உன் இஸ்திரிப் பெட்டிக்கு வராது" என்பாள். பதிலுக்குப் பதில் பேசத் தெரிந்தவள்.

அண்ணி முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் என் அண்ணனின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசையில் பார்க்கிறாள் என்று நாங்கள் உள்ளுக்குள் சிரித்தோம். கடைசியில் வாயைத் திறந்து, "நீங்க தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று கேட்டாள். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற அண்ணன் தன் ஆயுளில் அப்படி ஒரு கேள்வியைச் சந்தித்ததில்லை. எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு வந்தான். அன்றே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

கல்யாணமாகி வந்த நாள் முதல் எங்கள் கட்டடத்தில் அவளுக்குப் பெயர் தோல் டாக்டர். மாடிப்படியில் ஏறும்போது யாராவது கன்னத்தைக் காட்டி, "இது போகுமா?" என்று கேட்பார்கள். அவளும் சளைக்காமல் பார்த்துச் சொல்வாள். அவளிடம் ஒரே ஒரு கணக்குத்தான். "பரு விருந்தாளி. ரெண்டு வாரம் இருந்துட்டுப் போயிடும். அதை நான் முன்கூட்டியே வழியனுப்பிடுவேன். மச்சமும் தழும்பும் வீட்டுக்காரங்க. வீட்டுக்காரங்களை வெளிய தள்ள நான் யாரு?" படம் எடுக்க வருகிறவர்களிடமும் இதையேதான் சொல்வாள். சிலர் சண்டைக்கு வருவார்கள். எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று நின்றால், வெண்ணெயிடம் போகச் சொல்லிவிடுவாள்.

வெண்ணெய் என்பது ஓனரின் மச்சான். அவனும் அங்கே டச்சப் செய்கிறவன்தான். கம்ப்யூட்டரில் ஒரு பட்டையைக் கடைசிவரைக்கும் இழுப்பான், கண் மூடித் திறப்பதற்குள் முகம் வழவழவென்று ஆகிவிடும். கிழவர், குழந்தை, போலீஸ்காரர், எல்லோரும் ஒரே வழவழப்பு. பெயர்க்காரணம் அவ்வளவுதான். அவனுக்கு முன்னால் அதைச் சொல்லாத ஒரே ஆள் ஓனர்.

அண்ணி அப்படி இழுக்க மாட்டாள். படத்தை இரண்டு லேயராக, இரண்டு அடுக்காகப் பிரிப்பாள். ஒன்றில் நிறமும் நிழலும் இருக்கும். இன்னொன்றில் தோலின் துவாரம், பூனைமுடி, மெல்லிய கோடுகள் இருக்கும். தடவுவதெல்லாம் நிற லேயரில்தான். துவார லேயரைக் கண்ணில் வைத்துக் காப்பாற்றுவாள். "துவாரம் போச்சுன்னா ஆளே போயாச்சு. அப்புறம் அது பொம்மை" என்பாள். செய்து முடித்ததும் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்ப்பாள். தலைகீழாக இருந்தால் முகம் தெரியாது, திட்டு மட்டும் தெரியுமாம். ஒருநாள் அண்ணனைக் கட்டிலிலிருந்து தலையைத் தொங்கப்போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தும் பார்க்காதது போலக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஆசை. பெரிய போர்டு. பாஸ்போர்ட் படமும், சுவரில் மாட்டுகிற குடும்பப் படமும் செய்து செய்து அலுத்துவிட்டது அவளுக்கு. நாலு மாடி உயரத்துக்கு ஒரு முகம், அதில் துவாரம் துவாரமாகத் தான் பார்த்த வேலை, கீழே ஊர் ஜனம் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஓனரை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு சோப்புக் கம்பெனி வந்தது. பெரிய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வைக்கிற போர்டு, ஒரு இளம்பெண்ணின் முகம் மட்டும். ஓனர் சொன்னார்: "இது சரியா வந்துட்டா இனிமே போர்டு வேலை எல்லாம் உன்னோடதுதாம்மா. சொதப்பினா உன் சீட்டுல மச்சான் உக்காரட்டும். நீ பாஸ்போர்ட் கவுண்டரைப் பார்த்துக்க."

அண்ணி அன்று வீட்டுக்கு வந்து குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்தார்.

ஆனால் விதி பாருங்கள்! கேமராக்காரர் கேமராவைப் புதிதாக வாங்கியிருந்தார். அதில் தோலைத் தானாகவே வழவழப்பாக்குகிற ஒரு வசதி இருந்தது. அது ஆன் ஆகி இருந்ததை மனுஷன் கவனிக்கவே இல்லை. எடுத்த அத்தனை படத்திலும் அந்தப் பெண்ணின் கன்னத்தில் ஒரு துவாரம்கூட இல்லை. கேமராவே வெண்ணெய் வேலை பார்த்துவிட்டது. மறுபடி எடுக்கலாம் என்றால் அந்தப் பெண் விமானம் ஏறிவிட்டாள். அண்ணி முட்டி மோதி ஏதோ செய்து காட்டினாள். கம்பெனி மேடம் படத்தைப் பார்த்துவிட்டு, "நான் பொம்மைக்குச் சோப்பு விக்கலைம்மா. சாயங்காலம் வர்றேன், அப்பவும் இப்படியே இருந்தா வேற இடம் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று எனக்கு வார விடுமுறை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"உங்க அண்ணன் எழுந்தாச்சா?"

"குறட்டை கேக்கலையா அண்ணி?"

"எழுப்பு. ஷேவ் பண்ணச் சொல்லு, நல்லா ஒட்ட. உடனே கூட்டிட்டு வா."

"எதுக்கு?"

"அவர் கன்னம் வேணும்!"

போனை வைத்துவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணனுக்கு அதைவிடப் புரியவில்லை. ஆனாலும் பெண்டாட்டி கன்னத்தைக் கேட்டால் எந்தப் புருஷன்தான் காரணம் கேட்பான்? முகத்தை மழுமழுவென்று மழித்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஸ்டூடியோவுக்குப் போனதும் அண்ணி மூச்சு விடாமல் சொன்னாள். படத்துப் பெண்ணின் நிறமும் நிழலும் சரியாக இருக்கிறது. துவார லேயர்தான் காலி. வேறொருவர் கன்னத்தைக் கிட்டத்தில் படமெடுத்து, அதிலிருந்து துவாரத்தை மட்டும் பிரித்து, இந்தக் கன்னத்தின்மேல் விரித்துவிட்டால் தோல் வந்துவிடும். தன் கன்னத்தையே முதலில் எடுத்துப் பார்த்தாளாம், சுருக்கம் வயசைக் காட்டிக்கொடுத்துவிட்டதாம். ரிசப்ஷன் பெண் லீவு. அண்ணனுக்கு எண்ணெய்த் தோல், சுருக்கமே இல்லை.

அண்ணனை விளக்குக்குக் கீழே உட்கார வைத்து எடுத்தார்கள். அண்ணி கம்ப்யூட்டரோடு இணைந்த பலகையில் பேனாவை வைத்து இழுக்க இழுக்க, திரையில் அந்தப் பொம்மைக்கு உயிர் வருவதை நான் என் கண்ணால் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது! அண்ணன், "ஊர் பூரா என் கன்னத்தைப் பார்க்கப் போகுது" என்று யாருக்கோ போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மாதிரிக்கு ஒரு துண்டை மட்டும் போர்டு அளவில் அச்சடித்து எதிர்ச் சுவரில் தொங்கவிட்டார்கள். கன்னமும் வாயோரமும் மோவாயும் மட்டும். ஓனர் இரண்டடி பின்னால் போனார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"ஏம்மா, இந்தப் பொண்ணு ஷேவ் பண்ணிட்டு வந்துதா?"

நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஐயோ! ஒட்ட மழித்த தாடியின் வேர்கள் ஒவ்வொன்றும் மிளகு மிளகாக நின்றன. சின்னத் திரையில் தெரியாதது போர்டு அளவில் பல்லைக் காட்டிவிட்டது. முகமெல்லாம் ஒரு லட்சணமான பெண், மோவாயில் மட்டும் என் அண்ணன். வெண்ணெய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணன் மெதுவாகப் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் கண்ணை அல்ல, கன்னத்தை.

"முடியாது" என்றேன், அவள் கேட்பதற்கு முன்பே.

என்னைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எனக்குச் சின்ன வயதில் முகம் பூராவும் பரு வந்து, போகும்போது சும்மா போகாமல் பள்ளம் பறித்துவிட்டுப் போனது. அண்ணியின் கணக்கில் எல்லாம் வீட்டுக்காரர்கள். நான் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். முகத்துக்குப் போடுகிற கிரீம் வாங்க வருகிறவர்கள், "இது நல்லா வேலை செய்யுமா?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் என் முகத்தைப் பார்ப்பார்கள். டப்பாவை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டு, இருமல் மருந்து வாங்கிக்கொண்டு போவார்கள். இருமலே இருக்காது! கேமராவைக் கண்டால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். எங்கள் குடும்பப் படங்கள் எதிலும் நான் இல்லை. அண்ணனின் கல்யாணப் படத்தில் தூணுக்குப் பின்னால் தெரிகிற புடவைத் தலைப்பு நான்தான்.

"உன்னைத்தான் முதல்லயே கேட்டிருக்கணும். கேட்டா கடிச்சிடுவியேன்னுதான் உங்க அண்ணனைக் கூப்பிட்டேன்" என்றாள் அண்ணி.

"இப்பவும் கடிப்பேன். சோப்பு போர்டுல என் மூஞ்சியா? கம்பெனியை இழுத்து மூடணும்னு வேண்டுதலா?"

"எனக்கு உன் பள்ளம் வேணாம்டி. பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவுல இருக்கு பாரு, அந்தத் தோல். அதுல துவாரம் எப்படி இருக்கு தெரியுமா? இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து பார்த்துட்டிருக்கேன்."

"பார்த்துட்டே இருங்க. தர முடியாது."

அண்ணி கெஞ்சவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு பயமா இருக்கு" என்றாள். "அந்தக் கவுண்டர்ல உக்காந்து ஆயுசுக்கும் பாஸ்போர்ட் படம் வெட்டிக்கிட்டிருக்க என்னால முடியாது." அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் கால் நகரவில்லை.

அந்த நேரம் பார்த்து வெண்ணெய் என்ன செய்தான் தெரியுமா? அண்ணியின் நாற்காலியில் போய்ச் சாவகாசமாக உட்கார்ந்தான். கீழே கையை விட்டு, தன் உயரத்துக்கு அதை இறக்கினான். இறக்கிவிட்டு ஒரு சுற்றும் சுற்றிப் பார்த்துக்கொண்டான்.

எனக்கு வந்ததே கோபம்! "எந்திரிடா!" என்றேன். கடை முழுக்கக் கேட்டிருக்கும். அவன் எழுந்துவிட்டான். நான் விடுவிடென்று போய் விளக்குக்குக் கீழே இருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். "எடுங்க! சீக்கிரம் எடுங்க, மனசு மாறுறதுக்குள்ள."

அண்ணி ஓடி வந்தாள். மேலே சுருங்கியிருந்த என் துப்பட்டாவை ஒதுக்கினாள். விளக்கை இடதுபக்கம் தள்ளினாள், போர்டுப் பெண்ணுக்கு வெளிச்சம் அந்தப் பக்கமிருந்துதான் வந்ததாம். மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். கேமராக்காரர் அந்த வழவழப்பு வசதி அணைந்திருக்கிறது என்று அண்ணியிடம் காட்டி, ஓனரிடம் காட்டி, அண்ணனிடமும் காட்டினார். சூடு கண்ட பூனை! நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரையில் என் கன்னம் வந்து நின்றது.

அவ்வளவு பெரிதாக நான் என்னைப் பார்த்ததே இல்லை. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூடுவதற்குள் அண்ணி கூவினாள். "பாருங்க, பாருங்க! எவ்வளவு அழகான துவாரம்! வரிசையா, கீழ்ப்பக்கமா சாய்ஞ்சு... பூனைமுடியைப் பாருங்க, வெளிச்சம் எப்படிப் பிடிச்சிருக்கு!" ஓனர் எட்டிப் பார்த்தார். கேமராக்காரர் எட்டிப் பார்த்தார். என் பிறவியில் என் முகத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதன் ஓட்டைகளுக்குக் கிடைத்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். பள்ளங்களும் இருந்தன. அவற்றுக்கு நடுவே அண்ணி சொன்ன அந்தத் தோலும் இருந்தது, மழை பெய்து ஓய்ந்த மணல் போல.

அண்ணி வேலையில் இறங்கினாள். பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்துத் துண்டு எடுத்து, ஒன்றோடு ஒன்று விளிம்பு தெரியாமல் சேர்த்தாள். படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். அறையின் கோடிக்குப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அண்ணன் டீ வாங்கி வந்து வைத்தான், அது ஆடை கட்டிப் போயிற்று. மாதிரித் துண்டு அச்சாகி வந்தது. மையின் ஈரம் காயக்கூட இல்லை, சுவரில் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம். சோப்பு மேடம் வந்துவிட்டாள்!

அண்ணி என் கையைப் பிடித்தாள். "போச்சு" என்று முணுமுணுத்தாள். "என்ன?" என்றேன். "வாயோரத்துல பாரு. உன் பள்ளம் ஒண்ணு கூடவே வந்துடுச்சு."

பார்த்தேன். இருந்தது. என் இடது வாயோரத்தில், நான் எத்தனையோ தடவை பவுடரை அப்பி மூடப் பார்த்த அதே பள்ளம். துளிதான், ஆனால் போர்டு அளவில் ஒரு பொட்டு அகலம். யாருடைய கன்னத்திலோ சொந்த வீடு போல உட்கார்ந்திருந்தது. இனி எடுக்க நேரமில்லை. என்னுடைய அந்த ஒரு பள்ளத்தால் அண்ணியின் சீட்டு போகப்போகிறது.

மேடம் சுவரின் முன்னால் போய் நின்றாள். பக்கத்தில் போனாள், பின்னால் வந்தாள், மறுபடி பக்கத்தில் போனாள். விரல் நீண்டது. நேராக அந்தப் பள்ளத்துக்கே போனது.

"இது என்ன?"

ஓனர் வாயைத் திறந்தார். அவருக்கு முந்திக்கொண்டு அண்ணி சொன்னாள். "தழும்பு மேடம். தப்பா வந்துடுச்சு. எடுத்துடறேன்."

"எடுக்காதீங்க" என்றாள் மேடம். விரலை அங்கேயே வைத்திருந்தாள். "இதைப் பார்த்ததும்தான் இது நிஜப் பொண்ணுன்னு நம்பினேன். காலைல பார்த்த படத்தைத் தொட்டுப் பார்க்கக்கூட மனசு வரலை. இது அப்படியே இருக்கட்டும். படத்துல இருக்கிற பொண்ணுகிட்டயும் நான் பேசிக்கறேன்." பிறகு திரும்பி, "காலைல இல்லாத தோல் இது, யாரோடது?" என்று கேட்டாள்.

அண்ணி கையை நீட்டி என்னைக் காட்டினாள். மேடம் என் பக்கத்தில் வந்தாள். முகத்தோடு முகம் வைத்த மாதிரி நின்று, நிதானமாக, என் கன்னத்தை ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தாள். நான் ஒளிந்துகொள்ளத் தூண் எதுவும் அங்கே இல்லை.

"என்ன சோப்பு போடுறீங்க?"

"எது தள்ளுபடியில கிடைக்குதோ அதுதாங்க."

மேடம் விழுந்து விழுந்து சிரித்தாள். ஓனர் சிரித்தார். அண்ணன் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தான். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. தன் நாற்காலிக்குப் போய்க் கீழே கையை விட்டு அதைப் பழைய உயரத்துக்கு ஏற்றினாள். அதன் பிறகு உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்படியொரு சந்தோஷ அழுகையை நான் பார்த்ததில்லை.

போர்டு ஏறின அன்று மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அண்ணி இருக்கிறதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டாள். போர்டு என்றால் போர்டு! அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்தது. துவாரம் துவாரமாக, பூனைமுடியோடு, வெயிலில் அந்த முகம் வியர்க்கப்போகிறது போல இருந்தது. அண்ணன், "என் தாடி போனதே நல்லது" என்று ஒத்துக்கொண்டான். அண்ணி ஜனங்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாராவது அண்ணாந்து பார்க்கிறார்களா என்று தேடித் தேடிப் பார்த்தாள். பார்த்தார்கள். காய்கறிப் பையோடு பஸ்ஸுக்கு நின்ற ஓர் அம்மாளும் பார்த்தாள்.

பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவளிடம் உதட்டைப் பிதுக்கினாள். "எல்லாம் கம்ப்யூட்டர்ல பண்ற பொய்டி. யாருக்கு இப்படித் தோல் இருக்கு?"

அண்ணியின் முகம் சுருங்கிப் போனது. ஓனர் அந்த ஷேவ் கேள்வி கேட்டபோதுகூட அப்படிச் சுருங்கியதில்லை. புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "போலாம்" என்றாள்.

நான் போகவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு அந்த அம்மாளிடம் போய் நின்றேன்.

"பொய் இல்லைங்க. நிஜத் தோல்தான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என்னோடதுங்க அது. எங்க அண்ணிதான் வாங்கி அங்க வச்சாங்க. சந்தேகமா இருந்தா தொட்டுப் பாருங்க" என்று இடது கன்னத்தை நீட்டினேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அண்ணாந்து போர்டைப் பார்த்தாள். மறுபடியும் என் வாயோரத்தைப் பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே விரலால் தொட்டாள். அவள் விரல் சொரசொரப்பாக இருந்தது. பட்டப்பகலில், அத்தனை ஜனத்துக்கு நடுவே, நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.